நேராக நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வண்டி

ஒர்க்‌ஷாப் வாசலில் தொங்குகிற போர்டில் மூன்றாவது வரியைப் பார்த்தால் வயரிங்காரருக்கு இன்றைக்கும் வயிறு எரியும். முதல் வரி கடையின் பெயர். இரண்டாவது வரி, எல்லா வகை மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கப்படும் என்பது. மூன்றாவது வரி, 'எலக்ட்ரிக்கல் வேலைகளும் நேர்த்தியாகச் செய்து தரப்படும்.' அதற்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு கடைக்காரன், அவருடைய தங்கச்சி மாப்பிள்ளையின் படம்.

எலக்ட்ரிக்கல் வேலை செய்கிற ஆள் படத்தில் இல்லை. அவர் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து வயர் முனைகளை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருப்பார். கையில் வளையல் மாதிரி கறுப்பு டேப் உருளை. அந்த வரியை எழுதிய பெயிண்டர் வந்து அவரிடமே, "எலக்ட்ரிக்கல்னா எங்கண்ணே புள்ளி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவரும் சொல்லிக் கொடுத்தார். தன் குழிக்குத் தானே மண்வெட்டி எடுத்துக் கொடுத்த கதை.

என் வேலைக்கு உங்கள் படமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் தங்கச்சி வீட்டில் சண்டை. கேட்காவிட்டால் நெஞ்சுக்குள் சண்டை. இரண்டாவதுதான் செலவில்லாதது என்று பல வருஷம் அதையே வைத்துக்கொண்டார். அதனால் வாய் மட்டும் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று சொல்லும். மனசு ஒருநாளும் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. தங்கச்சியைக் கட்டியவனாயிற்றே, என்ன செய்வது?

மாப்பிள்ளைக்கு நகைக்கடை என்று பட்டப்பெயர். வைத்தது வயரிங்காரர்தான். திட்டுவதற்காக வைத்தார். ஊர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. அவனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஊருக்கு எது திட்டு எது பாராட்டு என்று தெரிந்திருந்தால் பாதி ஆள் தலைநிமிர்ந்து நடக்க மாட்டான்.

பெயர் பொருத்தமானதுதான். அவன் கடைச் சுவரில் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரிசு வரை அண்ணன் தம்பி மாதிரி வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தான். ஒன்றை எடுத்தால் சுவரில் அதன் ஆவி மட்டும் நிற்கும். தரையில் ஒரு சொட்டு ஆயில் விழக் கூடாது. விழுந்தால் அதைத் துடைத்த பிறகுதான் வண்டி. கடைக்கு வண்டி வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை, அதை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்டிலை நூல் பிடித்த மாதிரி நேராக நிறுத்துவது. ஒரு வண்டி கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"வண்டின்னா பரேடு மாதிரி நிக்கணும் மச்சான்" என்பான்.

"அப்ப சல்யூட்டும் அடிக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை."

அதற்கும் சிரிப்பான். எதுவும் உறைக்காத ஆள்.

இவ்வளவு பளபளப்புக்கும் உள்ளே இருந்த வேலை என்ன என்று கேட்டால், மாற்றுவது. கோளாறு எங்கே என்று குனிந்து தேடுவது அவனுக்குச் சாக்கடையில் கையை விடுகிற மாதிரி. வண்டி மூச்சுத் திணறினால் பிளக் மாற்றுவான். அடங்காவிட்டால் கார்புரேட்டர். அதற்கும் அடங்காவிட்டால், 'கம்பெனிக்காரன் தயாரிப்பே சரியில்லை' என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் மாற்றின சாமானை அவ்வளவு சுத்தமாக மாட்டுவான். அதைப் பார்த்து மயங்கி வாடிக்கையாளன் வண்டியை விட்டுவிட்டுத் தன் சட்டையில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

வயரில்தான் அவன் ஆணவம் முழுசாகத் தெரியும். வயரிங்காரர் ஒரு வண்டியில் வேலை முடித்து அனுப்பினால், பின்னாலேயே வந்து அதை 'அழகு பண்ணுவான்'. வயர்களைப் பொண்ணுக்குப் பின்னல் போடுகிற மாதிரி ஒன்றாகச் சேர்த்து, இழுத்து, டேக் என்கிற பிளாஸ்டிக் வாரைச் சுற்றி, கடக் கடக் என்று பல் பல்லாக இறுக்கி, மிச்ச வாலைச் சவரம் செய்த மாதிரி ஒட்ட அறுத்துவிடுவான்.

"வயருக்குக் கொஞ்சம் தொங்கல் வேணும் மாப்பிள்ளை" என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"தொங்கலா? குடல் சரிஞ்ச மாதிரி இருக்கும் மச்சான். பாக்கறவன் என்ன சொல்லுவான்?"

"ஓட்டறவன் என்ன சொல்லுவான்னு பாருங்க."

"ஓட்டறவனுக்கு வயரு தெரியாது. பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

வயரிங்காரர் எழுந்து தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் பார்சல் கம்பெனியின் மொத்த வண்டிகளும் கிடைத்தன. புது வண்டிகள். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். பட்டனை அழுத்தினால் ஓடும், ஓடாவிட்டால் தள்ள வேண்டியதுதான். ஒப்படைத்த முதல் மாதமே எல்லா வண்டியையும் கழுவித் துடைத்து, வயர்களை இழுத்துக் கட்டி, மாலை போடாத குறையாக அனுப்பி வைத்தான். வண்டிகள் நிற்கிற கம்பெனி யார்டின் சூப்பர்வைசர் அசந்து போனார். அவரும் பார்க்கிற வகை ஆள்தான். சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது.

அதற்கப்புறம்தான் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பார்ப்பான். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். ஆபரேஷன் ஆன பிறகும் ஸ்பானர் பிடிப்பது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். கடையை ஆள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆள் வைத்து ஓட்டுகிற அளவுக்கு நிலையான வேலை என்று இருந்தது பார்சல் கம்பெனி வண்டிகள் மட்டும். அது கையில் இருந்தால் தங்கச்சி வீட்டில் உலை கொதிக்கும். போய்விட்டால், சுவரில் தொங்குகிற ஸ்பானர்களையும் எடுத்து விற்றுவிட்டு, அவற்றின் ஆவிகளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

போகிற நிலையில்தான் இருந்தது. ஒரு வண்டி மக்கர் செய்துகொண்டிருந்தது.

தங்கச்சிதான் வந்து சொன்னாள். கையில் தூக்குவாளியோடு பின்பக்கம் வந்து, தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு வண்டி காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குதாம். இங்க கொண்டு வந்தா ஜம்முனு எடுக்குது. திருப்பிக் கொண்டு போய் விட்டா மறுபடியும் செத்துப் போகுது. பேட்டரி மாத்திட்டாரு, ரிலே மாத்திட்டாரு, செல்ஃப் மோட்டாரு கூட மாத்திட்டாரு."

"வண்டியையே மாத்திரச் சொல்லு. அதுதான் பாக்கி."

"விளையாடாதண்ணே. இன்னொரு தடவை நின்னா வேற மெக்கானிக்கைப் பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இவரு ராத்திரியெல்லாம் தூங்காம மோட்டுவளையப் பாத்துட்டே கிடக்கறாரு."

"உன் வீட்டுக்காரருக்கு வாய் இருக்கில்ல? என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

"கேக்க மாட்டாருன்னு உனக்கே தெரியும். போர்டுல எழுதினது இவரு. இவருக்கே எலக்ட்ரிக்கல் தெரியலன்னு இவரே வந்து சொல்லணுமா?"

வயரிங்காரர் பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்தார். அந்தப் போர்டைப் பற்றி அவர் ஒருநாளும் யாரிடமும் பேசியதில்லை. அது தன் மனசில் கிடப்பது தங்கச்சிக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார். அவள் வாளியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் காலையில் அவரே யார்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஏற்கனவே அங்கே ஒரு பார்சல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் சட்டை இஸ்திரி போட்டது. சாகப் போகிறவனும் மடிப்புக் கலையாமல் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு அப்படி நினைத்ததற்காகக் காறித் துப்பினார்.

"வந்துட்டீங்களா மச்சான்" என்றான். அவ்வளவுதான். நீங்க வந்தது நல்லது, கொஞ்சம் பாருங்க என்று ஒரு வார்த்தை? ஊஹூம்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்பிள்ளை" என்றார் இவர். இவருக்கும் குறைச்சல் கிடையாது.

சூப்பர்வைசர் வந்து இரண்டு பேரையும் பார்த்தார். "இன்னைக்கு யாரு டாக்டர்?" என்று கேட்டார். வண்டி ஓட்டுகிறவன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டனை அழுத்தினான். ஒன்றும் இல்லை. டிக் என்ற சத்தம்கூட இல்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் ஊமை.

"பாருங்க சார், தினம் இதே கூத்து" என்றான் அவன். "அவரு கடைக்குத் தள்ளிட்டுப் போனா மட்டும் இது நல்ல பிள்ளை."

மாப்பிள்ளை எழுந்தான். வண்டியைப் பிடித்து வெளியே இழுத்தான், ஸ்டாண்டில் ஏற்றினான், மூச்சு வாங்க நின்று, ஹேண்டிலை நேராக்கினான். பட்டனை அழுத்தினான். வண்டி சிரித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

"பாத்தீங்களா?" என்றான் சூப்பர்வைசரிடம். ஏதோ தான் சரிசெய்துவிட்ட மாதிரி. "ஒண்ணுமே இல்ல சார் வண்டில. இவங்களுக்கு அழுத்தத் தெரியல."

"ஏங்க, பட்டனை அழுத்தறதுக்குமா படிச்சிட்டு வரணும்?" என்றான் ஓட்டுகிறவன்.

வயரிங்காரர் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். யார்டில் இடம் குறைவு. சுவரோரம் வண்டிகளைச் செருகிச் செருகி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஹேண்டிலை இடதுபக்கம் முழுசாக ஒடித்து, பூட்டி, கழுத்துச் சுளுக்கிய கோழி மாதிரி நின்றது. ஓட்டுகிறவர்கள் வந்து பூட்டைத் திறந்து, ஹேண்டில் அப்படியே ஒடிந்து கிடக்கும்போதே பட்டனை அழுத்துகிறார்கள். கடையிலோ எல்லா வண்டியும் பரேடு.

அவருக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. மீதிக்கு டெஸ்ட் லேம்பை எடுத்தார். இரண்டு வயரும் ஒரு சின்ன பல்பும், அவரே செய்தது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். 'பிச்சைக்காரன் சாமான்' என்று ஒருதடவை சொல்லியிருக்கிறான்.

சீட்டைக் கழற்றினார். மோட்டாருக்குக் கரண்ட் திறந்துவிடுகிற ரிலேயின் சின்ன பிளக்கை உருவி, பட்டனிலிருந்து வருகிற மெல்லிய வயரில் லேம்பின் ஒரு முனையை வைத்தார், மறுமுனையை எர்த்தில், வண்டியின் வெற்று இரும்பில், கடிக்க விட்டார்.

"பட்டனை அழுத்திட்டே இருங்க மாப்பிள்ளை. விட்டுறாதீங்க."

பல்பு எரிந்தது.

"எரியுதே" என்றான் மாப்பிள்ளை.

"அவசரப்படாதீங்க. நீங்க அவசரப்பட்டு மாத்தினதெல்லாம் போதும்."

ஹேண்டிலை மெதுவாக இடதுபக்கம் திருப்பினார். பாதி தூரம் வரைக்கும் பல்பு எரிந்தது. முழுசாக ஒடித்ததும் அணைந்தது. நேராக்கினார், எரிந்தது. ஒடித்தார், அணைந்தது. வயரிங்காரர் வேண்டுமென்றே இன்னொரு தடவை செய்து காட்டினார். தேவையில்லைதான். ஆனால் போர்டில் அந்த மூன்றாவது வரி இருக்கிறதே.

ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் பக்கம் விரலை விட்டுத் தடவினார். வயர்க் கட்டு கழுத்தைத் தாண்டுகிற இடத்தில் டேக். இறுக்கம் என்றால் அப்படி ஒரு இறுக்கம், வால் சவரம் செய்தது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வயர் நகர இடமில்லாமல், அந்த டேக்கின் விளிம்பில் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து போயிருந்தன. மேல்தோல் மட்டும் புதுசு மாதிரி பளபளத்தது. ஹேண்டில் நேராக இருந்தால் அறுந்த முனைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒடித்தால் பிரிந்துவிடும். அவ்வளவுதான் கோளாறு. இதற்கு ஒரு பேட்டரி, ஒரு ரிலே, ஒரு மோட்டார் காவு.

கட்டிங் பிளேயரால் டேக்கை அறுத்தார். வயரை லேசாக இழுத்தார். அந்த இடத்தில் ரப்பர் மாதிரி நீண்டது. தோலைக் கீறி மாப்பிள்ளையிடம் காட்டினார். பச்சை பிடித்த செம்புத் தூள் அவன் உள்ளங்கையில் கொட்டியது.

அவன் அதைப் பார்த்தான். பிறகு சுவரோரம் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே டேக், அதே இறுக்கம். எல்லாம் அவன் கையால் கட்டியது. ஒவ்வொன்றாக ஊமையாகப் போகப் போகிறது.

"என்னங்க கோளாறு?" என்றார் சூப்பர்வைசர்.

வயரிங்காரருக்கு வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் ஒன்று கிடைத்ததில்லை, இனிக் கிடைக்கவும் போவதில்லை. ஒரு வாக்கியம் போதும். 'கட்டினவரையே கேளுங்க.' ஊர் முழுக்க மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். மாப்பிள்ளை கெஞ்சவில்லை. உள்ளங்கையை மட்டும் மூடிக்கொண்டான். பார்சல் பெட்டிக்குப் போய் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. இவருக்குத் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்ற தங்கச்சியின் ஞாபகம் வந்தது.

"வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு" என்றார். "வண்டியைக் கழுத்தை ஒடிச்சு ஒடிச்சு நிறுத்தினா வயர் என்ன பண்ணும்? இரும்பா அது?"

பொய்யில்லை. உண்மையில் பாதி. மீதிப் பாதியை அவர் விழுங்கியது அவருக்கே கசந்தது, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி.

"அப்ப மத்த வண்டியும் இப்படி ஆகுமா?"

"பாத்துரலாம். எங்க கடையிலிருந்து வந்து எல்லாத்தையும் பாத்துத் தரோம்."

எங்க கடை. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சூப்பர்வைசர் நாலு பேனாவில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சரி. அடுத்த வாரத்துக்குள்ள எல்லா வண்டியும் சரியா இருக்கணும். ஒண்ணு நின்னாலும் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுந்த இடத்தில் புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மாட்டி, தாராளமாகத் தொங்கல் விட்டு முடித்தார். மாப்பிள்ளை பெட்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தொங்கலைப் பார்க்கும்போது அவன் விரல்கள் முழங்காலில் துடித்தன. இழுத்துக் கட்டத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. வழியெல்லாம் வண்டிக் கம்பெனியின் வயர் மட்டம் என்று புலம்பிக்கொண்டே வந்தான். வயரிங்காரர், "ஆமா மாப்பிள்ளை, செம்புக்குப் பதிலா நூலை வச்சுட்டான்" என்று ஒத்து ஊதினார். திருந்தாத ஜென்மத்தோடு நடுத்தெருவில் வாதாடி என்ன கிடைக்கப் போகிறது?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கச்சி சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் அங்கங்கே பட்டை ஒட்டி, அதிலிருந்து வயர்கள் கிளம்பி, கட்டில் கம்பியில் தொங்கி, ஒரு பெட்டிக்குள் போயின. அவன் கண் அந்த வயர்களிலேயே இருந்தது.

"எப்படித் தொங்க விட்டுருக்கானுங்க பாத்தீங்களா மச்சான்" என்றான், மெல்லிய குரலில். "ஒரு டேக் இருந்தா சுத்தமா இழுத்துக் கட்டிரலாம்."

"தொங்கல் இருக்கறதாலதான் நீங்க புரண்டு படுக்க முடியுது மாப்பிள்ளை. சும்மா கிடங்க."

பக்கத்துக் கட்டில்காரர் இருமி ஓய்ந்தார். அவன் இடதுபக்கம் மெதுவாகப் புரண்டான். வயர்கள் கூடவே நகர்ந்தன, ஒன்றும் இழுக்கவில்லை. அதைப் பார்த்தான். மறுபடி மல்லாந்து படுத்தான்.

"அந்த வண்டிங்கள்ல" என்று ஆரம்பித்தான். "கழுத்துகிட்ட இருக்கற டேக் எல்லாத்தையும் நீங்களே அறுத்துருங்க மச்சான். கடை ஆளை விடாதீங்க. அவன் வெளிய போய்ச் சொல்லுவான். நீங்க சொல்ல மாட்டீங்க."

'எப்படித் தெரியும்?' என்று கேட்க வந்தது வயரிங்காரருக்கு. அறுந்த வயரைப் பார்க்கிற பார்வையில் அவனைப் பார்த்தார். "சரி மாப்பிள்ளை" என்றார்.

தங்கச்சி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. இவர் ஸ்டூலை நகர்த்திவிட்டு எழுந்தார். கதவுப் பக்கம் போனவரை அவன் மறுபடியும் கூப்பிட்டான். கடைசியாக அவன் இவரிடம் கேட்டுக்கொண்டது இதுதான்:

"அறுத்த துண்டை அங்கயே போட்டுட்டு வந்துறாதீங்க மச்சான். ஒண்ணு விடாம பொறுக்கிருங்க. பாக்கறதுக்கு நல்லா இருக்காது."